ஏரிக்கரையை ஒன்றுக்குப் பன்னிரண்டில் உடைப்பது எப்படி?

போன செமஸ்டர் லீவுல எங்க ஊர்ல ஒரு ஏரிக்கரையை உடைச்சோம். பயப்படாதீங்க, கேஸ் எதுவும் இல்லை. கரையோட உயரம் ஒரு அடி, நீளம் எட்டு அடி. இடம், சந்தவாசலில் எங்க வீட்டுக்குப் பின்னால இருக்கிற கொல்லை. படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்கு வந்தவங்க எங்க ஊரைத் தாண்டித்தான் போயிருப்பீங்க. மேற்கே திரும்பினா ஜவ்வாது மலை. இந்தக் கட்டுரையில அந்த மலைக்கும் ஒரு வேலை இருக்கு, அப்புறம் வருது.

விஷயம் இதுதான். குறும்படப் போட்டிக்காக நாங்க ஐந்து பேர் ஒரு கதை எழுதினோம். கதையில ஒரு மழைக்காலம், ஒரு ஏரி, விடிகாலையில கரை உடையுது. திரையில நான்கு விநாடி வரும் ஒரே ஒரு ஷாட். அதை எப்படி எடுக்கிறது? ஒருத்தன் இணையத்துல கிடைக்கிற வெள்ளக் காட்சியைப் போட்டுடலாம்னான். பார்த்தா எல்லாமே வேற நாட்டு ஆறு, வேற நாட்டு மரம். இன்னொருத்தி ஏஐ-கிட்ட கேட்டுப் பார்த்தா. அது கொடுத்த கரை கான்கிரீட் தடுப்பணை மாதிரி இருந்தது, தண்ணி உடைப்புக்குள்ள இருந்து வராம உடைப்புக்குப் பக்கத்துல இருந்து வந்தது. நாலு தடவை கேட்டும் மதகு வரலை.

மினியேச்சர் யோசனை வந்தது எங்க தாத்தாவால. அவர் டூரிங் கொட்டகையில பார்த்த 'மாயா பஜார்' அன்னைக்கு டிவியில ஓடிக்கிட்டு இருந்தது.

1957ல கே. வி. ரெட்டி இயக்கத்துல விஜயா நிறுவனம் எடுத்த படம். மார்ச்சில் தெலுங்கு, ஏப்ரலில் தமிழ். ரங்காராவ் வாய்க்குள்ள லட்டு தானா பறந்து போறதைத்தான் எல்லாரும் பேசுவாங்க. எனக்கு அந்தத் துவாரகை நகரம்தான் பிடிச்சது. சென்னை வடபழனியில விஜயா வாகினி ஸ்டுடியோ இருந்த காலம் அது. இன்னைக்கு அந்தப் பக்கம் ஷாப்பிங் மாலும் ஆஸ்பத்திரியும் இருக்கு. அங்க ஐம்பதுக்கு அறுபது அடி இடத்துல சுமார் 300 குட்டி வீடுகளைக் கட்டி, உள்ளே மின்விளக்கு வெச்சு ஒரு நகரத்தையே நிறுத்தினாங்க. கலை இயக்கம் கோகலேயும் கலாதரும், ஒளிப்பதிவு மார்கஸ் பார்ட்லி. கணக்குப் போட்டுப் பாருங்க: 3000 சதுர அடி, 300 வீடு. வீதி, மதில், சந்து எல்லாம் சேர்த்து ஒரு வீட்டுக்குப் பத்து சதுர அடி. ஒரு கல்யாண மண்டபத்துக்குள்ள ஒரு தலைநகரம். பத்து வீட்டுக்கு அச்சு எடுத்து முப்பது தடவை ஊத்தி வெச்சிருந்தா வேலை சுலபம். ஆனா ஒரே வீடு திரும்பத் திரும்ப வந்தா கண்ணு உடனே கண்டுபிடிச்சிடும். ஊருன்னா ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு மாதிரிதானே இருக்கும்? தேவையில்லாத இடத்துலயும் உழைக்கிறதுதான் இந்தத் தொழில்ல பாதி.

"இதெல்லாம் பொம்மை வீடுடா, தெரியுதா?" என்றார் தாத்தா. தெரியவே இல்லை. அன்னைக்கு ராத்திரியே முடிவு பண்ணிட்டோம்.

முதல் தோல்வி

எங்க ஊர்ப்பக்கம் இருக்கிற சின்ன ஏரிக்கரை பன்னிரண்டு அடி உயரம்னு வெச்சுக்கிட்டோம். ஓரடிக்கு ஓரங்குலம், அதாவது 1/12. ஸ்கேல் ரூலர் தேட வேண்டியதில்லை, டேப்பிலேயே இருக்கு. திண்ணையில ஒரு பழைய கதவைப் படுக்க வெச்சு, மேல மண் கொட்டி, பின்னால தண்ணி தேக்கி, கையால ஒரு வெட்டு வெட்டி, மொபைல்ல எடுத்தோம். போட்டுப் பார்த்தா, திண்ணையில யாரோ ஒரு வாளித் தண்ணியைக் கொட்டின மாதிரியே இருந்தது. உண்மையும் அதுதானே!

மண்ணு சரி, மரம் சரி, வண்ணம் சரி. ஆனா தண்ணி ஓடின அந்த ஒரு விநாடியிலேயே குட்டு வெளிப்பட்டுடுச்சு. ஏன்?

பொருளைப் பன்னிரண்டு மடங்கு சுருக்கிட்டோம். புவியீர்ப்பைச் சுருக்க முடியலை. அது கொல்லையிலயும் 9.8தான், ஏரியிலயும் 9.8தான். பன்னிரண்டு அடி கரையோட உச்சியிலிருந்து ஒரு மண்கட்டி விழுந்தா தரையைத் தொட 0.86 விநாடி ஆகும். எங்க ஒரு அடிக் கரையில இருந்து விழுந்தா 0.25 விநாடி. பிளஸ் ஒன்ல படிச்ச அதே சூத்திரம்: விழும் நேரம் உயரத்தோட வர்க்கமூலத்தைப் பொறுத்தது. நாம ஒரு பொருளோட அளவை எண்ணால தெரிஞ்சுக்கறதில்லை. அது எவ்வளவு நிதானமா விழுதுன்னு பார்த்துத்தான் தெரிஞ்சுக்கறோம். யானை நடக்கிறதையும் எலி ஓடுறதையும் நினைச்சுப் பாருங்க.

அப்போ நேரத்தை நீட்டணும். 12-இன் வர்க்கமூலம் 3.46. சினிமா விநாடிக்கு 24 ஃப்ரேம். 24-ஐ 3.46-ஆல் பெருக்கினா 83. விநாடிக்கு 83 ஃப்ரேமில எடுத்து 24-இல் ஓட்டினா, ஓரடிக் கரை பன்னிரண்டு அடிக் கரை மாதிரி விழும். எங்க மொபைல்ல 83 கிடையாது, 120 இருக்கு. 120-இல் எடுத்து, எடிட்டிங்ல 1.44 மடங்கு வேகமாக்கிட்டோம். அவ்வளவுதான் வித்தை.

1954ல ஜப்பானில் 'காட்ஸில்லா' எடுத்தபோது எய்ஜி சுபுராயா குழு செஞ்சதும் இதே கணக்கு சார்ந்ததுதான். ஐம்பது மீட்டர் உயர விலங்கை, ரப்பர் உடைக்குள்ள ஒரு ஆள் நின்னு நடிச்சார். அதனால டோக்கியோ நகரத்தை 1/25 அளவில் கட்டினாங்க. 25-க்கு வர்க்கமூலம் 5. சூத்திரப்படி 120 ஃப்ரேம். நம்ம பாக்கெட்ல இருக்கிற மொபைலோட ஸ்லோமோஷன் பட்டன், ஒரு காட்ஸில்லா பட்டன்!

(இதுக்கு நேர் எதிர் வேலையை நம்ம தாதாசாகேப் பால்கே முன்னாடியே செஞ்சிருக்கார். ஒரு பட்டாணி விதை முளைச்சுச் செடியாகிறதை விட்டு விட்டுப் படம் பிடிச்சு, பல நாளை சில நிமிஷமாச் சுருக்கினார். கேமரா ஒரு கடிகாரம்னு அவருக்கு அப்பவே தெரியும்.)

சிவில் பசங்க இந்நேரம் கண்டுபிடிச்சிருப்பீங்க. இது ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் வர்ற ஃப்ரூட் எண். வேகத்தை, புவியீர்ப்பு மற்றும் நீளத்தோட பெருக்கலின் வர்க்கமூலத்தால வகுக்கணும். 1870-களில் வில்லியம் ஃப்ரூட் இங்கிலாந்தில் ஒரு நீண்ட தொட்டி கட்டி, குட்டிக் கப்பல்களை இழுத்துப் பார்த்து இந்த விஷயத்தை நிலைநாட்டினார். இன்னைக்கும் திருவள்ளூர் மாவட்டம் பூண்டியில் இருக்கிற நம்ம நீர்வளத் துறையோட நீரியல் ஆய்வு நிலையமும், 1916ல் தொடங்கின புனே கடக்வாஸ்லா ஆய்வு நிலையமும் அணைகளோட மாதிரியைத் திறந்த வெளியில கட்டித் தண்ணி விட்டுப் பார்க்கிறது இதே விதியை நம்பித்தான். பரீட்சையில நாலு மார்க்குக்கு எழுதிட்டு மறந்துபோன ஒண்ணு, ஒரு பக்கம் மிகுநீர்ப் போக்கியைக் காப்பாத்துது, இன்னொரு பக்கம் காட்ஸில்லாவை நடக்க வைக்குது. எனக்கு யாராவது செகண்ட் இயரிலேயே இதைச் சொல்லியிருந்தா அரியர் வந்திருக்காது.

எலுமிச்சம்பழம் அளவு மழைத்துளி

120 ஃப்ரேமில் இரண்டாவது தடவை எடுத்தோம். ஓட்டம் சரியா வந்தது, கனமா, நிதானமா. ஆனா தெறிக்கிற துளிகள் அசிங்கமா இருந்தது. கண்ணாடிக் கோலிகளை அள்ளி வீசின மாதிரி.

தண்ணிக்கு மேற்பரப்பு இழுவிசைன்னு ஒண்ணு இருக்கு. அதுதான் துளியை உருட்டி வைக்குது. காத்துல பறக்கிற ஒரு பெரிய துளி ஐந்து மில்லிமீட்டர் இருக்கும். நிஜ ஏரியிலும் அதே ஐந்து மில்லிமீட்டர், எங்க கொல்லையிலும் அதே ஐந்து மில்லிமீட்டர். ஆனா 1/12 உலகத்துல அதைப் பார்க்கிறவனுக்கு அது அறுபது மில்லிமீட்டர், ஒரு எலுமிச்சம்பழம். எந்த ஏரி உடைஞ்சும் எலுமிச்சம்பழம் தெறிச்சு யாரும் பார்த்ததில்லை.

சரி, இழுவிசையைக் குறைக்கலாமேன்னு பாத்திரம் தேய்க்கிற லிக்விட் கலந்தோம். கணக்குப்படி 12-இன் வர்க்கம், அதாவது 144 மடங்கு குறையணும். சாதாரணத் தண்ணி மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். அதை அரை மில்லிநியூட்டனுக்குக் கொண்டு வரணும். சோப்பு எவ்வளவு போட்டாலும் முப்பதுக்குக் கீழ பெரிசா இறங்காது. போதாக்குறைக்கு நுரை வேற. ஒரு சென்டிமீட்டர் குமிழி திரையில பன்னிரண்டு சென்டிமீட்டர். துணி துவைச்ச ஏரி!

சினிமாக்காரங்களும் இந்தச் சுவத்துல முட்டிக்கிட்டவங்கதான். அதனாலதான் தண்ணியும் நெருப்பும் வர்ற மாடல்களை மட்டும் முடிஞ்ச அளவு பெருசா கட்டுவாங்க. தூரத்து அருவிக்குத் தண்ணிக்குப் பதிலா உப்பையோ நைஸ் மணலையோ கொட்டின காலமும் உண்டு. 1997ல வந்த 'டைட்டானிக்'ல 1/20 அளவில் கப்பல் கட்டினாங்க, கிட்டத்தட்ட 44 அடி நீளம். நம்ம காலேஜ் பஸ்ஸை விடப் பெரிசு. ஆனா அந்த மாடல் போகிற ஷாட்கள்ல கீழே தெரியிற கடல் கம்ப்யூட்டரில் செஞ்சது. கப்பலைச் சுருக்கலாம், கடலைச் சுருக்க முடியாது. எது சுருங்கும், எது சுருங்காதுன்னு பிரிக்கத் தெரிஞ்சவன்தான் நல்ல மாடல் மேக்கர்.

எங்களுக்குக் கம்ப்யூட்டர் கடல் கிடையாது. செம்மண்ணைக் கரைச்சுத் தண்ணியைக் கலங்கலாக்கினோம். கலங்கல் தண்ணியில துளி பளபளக்காது, வெளிச்சம் ஊடுருவாது, பாதிக் குற்றம் மறைஞ்சது. மீதிப் பாதியை ஃப்ரேமுக்கு வெளியே தள்ளினோம்.

உடையவே மாட்டேங்குது

மூணாவது பிரச்சினை யாரும் எதிர்பார்க்காதது. ஏரி வண்டலையே அள்ளி வந்து கரை கட்டினதுல, அது உடையவே இல்லை. தண்ணி மேல வழிஞ்சு ஓடுது, கரை ஜம்முனு நிக்குது.

கலிலியோ காலத்துலேருந்து தெரிஞ்ச கணக்குதான் இது. எடை நீளத்தோட கனத்தைப் பொறுத்தது, தாங்குற பரப்பு வர்க்கத்தைப் பொறுத்தது. 1/12 அளவுக்குச் சுருக்கினா கரைக்குள்ள இருக்கிற அழுத்தமும் பன்னிரண்டில் ஒரு பங்காயிடும். ஆனா களிமண்ணோட ஒட்டும் தன்மை மாறலை. அப்போ எங்க மாடல் கரை, நிஜக் கரையை விடப் பன்னிரண்டு மடங்கு பலசாலி! மண் இயக்கவியல் படிக்கிறவங்க இதை வேற வழியில சமாளிக்கிறாங்க: ஐஐடி பம்பாய்ல பெரிய சென்ட்ரிஃப்யூஜ் இருக்கு, மாதிரிக் கரையை அதுல வெச்சுச் சுத்தி, புவியீர்ப்பையே பல மடங்கு ஏத்திடுவாங்க. சினிமாக்காரங்க அவ்வளவு தூரம் போறதில்லை, பொருளையே பலவீனமாக்கிடுவாங்க. வெடிச்சுச் சிதற வேண்டிய கட்டடத்தை வலுக்குறைஞ்ச பிளாஸ்டரில் ஊத்தி, எங்கே பிளக்கணுமோ அங்கே முன்னாடியே கீறி வெச்சிருப்பாங்க. நாங்க ஆத்து மணலும் கொஞ்சமே கொஞ்சம் களிமண்ணும் கலந்தோம். எவ்வளவுன்னு கேட்டா, பிடிச்சா உருண்டை நிக்கணும், தட்டினா உதிரணும். கொழுக்கட்டை மாவுப் பதத்துக்கு ஒரு படி கீழே.

புவியீர்ப்பை ஏமாத்த முடியாதுன்னு சொன்னேன் இல்லையா? வேலைக்கு வெச்சுக்கலாம். 1996ல வந்த 'இன்டிபென்டன்ஸ் டே'ல தெரு முழுக்க நெருப்புச் சுவர் உருண்டு வருமே, அதுக்கு ஒரு தெரு மாடலையே செங்குத்தா நிமிர்த்தி, கேமராவை மேலே வெச்சு, கீழே இருந்து நெருப்பு வெச்சாங்க. நெருப்பு மேலே ஏறத்தானே செய்யும்? அது தன் பாட்டுக்கு ஏற, திரையில தெருவோட கிடைமட்டமா வருது. இதைத் தெரிஞ்சுக்கிட்ட அன்னைக்கு நான் சாப்பிடவே இல்லை, அவ்வளவு சந்தோஷம்.

மலையோட வேலை

அசைவு சரியானா போதாது. நிக்கிற காட்சியிலயும் கண்ணு அளவு தேடும். ஜமுனாமரத்தூர் பக்கம் மலையில குள்ளர் குகைன்னு சொல்ற கற்திட்டைகள் இருக்கு. பெருங்கற்காலத்து ஈமச்சின்னங்கள். பலகைக் கல்லை நிறுத்தி மேலே மூடி போட்ட குட்டிக் குட்டி வீடு மாதிரி இருக்கும், குள்ள மனுஷங்க வாழ்ந்த வீடுன்னு கதையும் உண்டு. பக்கத்துல ஆள் நிக்காம அதை ஃபோட்டோ எடுத்தா, இடுப்பளவா, இரண்டு மாடியான்னு சொல்லவே முடியாது. அந்தச் சந்தேகம்தான் மினியேச்சர்காரனுக்குச் சோறு போடுது.

சந்தேகம் தீர்ற இடங்கள் சில உண்டு. முதல்ல கேமராவோட உயரம். மனுஷன் கண் ஐந்தடியில இருக்குன்னா 1/12 உலகத்துல ஐந்து அங்குலம். நாம நின்னுக்கிட்டு எடுத்தா ஹெலிகாப்டர் ஷாட் ஆயிடும். மொபைலைத் தலைகீழாப் பிடிச்சா லென்ஸ் தரைக்குப் பக்கத்துல வந்துடும். இதுக்குக் காசு செலவே இல்லை. அடுத்தது ஃபோகஸ். கிட்டத்துல வெச்சு எடுத்தா முன்னாடி தெளிவா, பின்னாடி மங்கலா வரும், உடனே 'பொம்மை'ன்னு மூளை சொல்லிடும். 1968ல வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'யில 54 அடி நீள விண்கல மாடலை எடுக்கும்போது லென்ஸ் துளையை ஊசிமுனை அளவுக்குச் சின்னதாக்கி, ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் சில விநாடிகள் வெளிச்சம் வாங்கினாங்க, எல்லாம் தெளிவா இருக்கணும்னு. மொபைலோட சென்சார் குட்டியா இருக்கிறதால இந்த விஷயத்துல நமக்குத்தான் லாபம். ஃபோட்டோகிராஃபி கிளப் காரங்க திட்டினாலும் பரவாயில்லை, மினியேச்சருக்கு மொபைல்தான் நல்ல கேமரா.

மூணாவது, காத்து. எங்க ஊர் பஸ் ஸ்டாண்டுல காலையில நின்னு பார்த்தா முதல் மலை பச்சை, அதுக்குப் பின்னால இருக்கிறது நீலம், அதுக்கும் பின்னால இருக்கிறது சாம்பல். தூரம்னா நடுவுல காத்தும் தூசியும் ஈரமும் இருக்கு. எட்டடி மாடல்ல அந்தக் காத்து இல்லை, அதனால எல்லாம் ஒரே அடர்த்தியில தெரியும். 'பிளேட் ரன்னர்' எடுத்தவங்க அறை முழுக்கப் புகை போட்டு மாடலை எடுத்தாங்க. நாங்க சாம்பிராணி போட்டோம். முதல் காத்துல போயிடுச்சு. அப்புறம் மரங்களுக்குப் பின்னால பழைய கொசுவலையைக் கட்டினோம், ஓரளவு பலிச்சது. பிறகுதான் உறைச்சது: நிஜ மலை பின்னாடி நிக்குதே, எதுக்கு கொசுவலை?

மாடலைத் திண்ணையிலிருந்து கொல்லைக்கு மாத்தினோம். மேசை உயரத்துக்கு மேடை போட்டு, கேமரா, கரை, மலை மூணும் ஒரே நேர்கோட்டுல வர்ற மாதிரி வெச்சோம். மேடையோட பின் விளிம்பு சரியா வேலிக்கோட்டோட பொருந்தணும், அரை அங்குலம் தப்பினா மலை அந்தரத்துல மிதக்கும். இதுக்குத் 'தொங்கு மினியேச்சர்'னு பழைய பேர் உண்டு. 1925 'பென்-ஹர்'ல தேர்ப்பந்தய அரங்கத்தோட கீழ்ப்பகுதி மட்டும்தான் நிஜ செட். மேலடுக்கு முழுக்க கேமராவுக்கு முன்னால தொங்கவிட்ட குட்டி மாடல், அதுல எழுந்து உட்கார்ற குட்டிப் பொம்மை ஜனங்கள். எங்களுக்கு மேலடுக்கு ஜவ்வாது மலை. காலை ஏழு மணிக்குக் கிழக்கு வெயில் முதுகுக்குப் பின்னால இருந்து மாடல் மேலயும் மலை மேலயும் ஒரே கோணத்துல விழுந்தது. டியூப்லைட்ல எடுத்தப்போ 120 ஃப்ரேமில் வந்த கோடு கோடான மினுக்கலும் போச்சு. சீமைக்கருவேலங் குச்சிகளை மரமா நட்டிருந்தோம், அந்தக் குட்டி இலைகள் அளவுக்குச் சரியாப் பொருந்தும். ஆனா வெட்டின ஒரு மணி நேரத்துல சுருண்டுடும். அதனால ஏழு மணிக்குள்ள எல்லாம் தயாரா இருக்கணும்.

தாத்தா சொன்ன திருத்தம்

முந்தின நாள் எடுத்த டெஸ்ட் ஷாட்டைத் தாத்தாகிட்ட காட்டினேன். அவர் அந்தக் காலத்துல ஏரிக்கு நீர்க்கட்டியா இருந்தவர். மதகு திறக்கிறது, கரை பார்க்கிறது, மழை ராத்திரியில லாந்தர் எடுத்துக்கிட்டுக் கரை மேல நடக்கிறது எல்லாம் அவர் வேலை. ஃப்ரேம் கணக்கு, துளிக் கணக்கு எல்லாம் சரியா வந்திருந்த ஷாட். நாங்க பெருமையா நின்னுக்கிட்டு இருந்தோம்.

"டேய், கரை இப்படியா உடையும்?" என்றார்.

"ஏன் தாத்தா, தண்ணி மேல ஏறி வழிஞ்சு..."

"அது சினிமாவுல. மொதல்ல மதகுகிட்ட கசியும்டா. மண்ணு ஈரமா தெரியும். அப்புறம் எலி வளை மாதிரி ஒரு ஓட்டை, அதுல தெளிஞ்ச தண்ணி வர்ற வரைக்கும் பயமில்ல. கலங்கலா வந்துச்சுன்னா மண்ணைத் தின்னுக்கிட்டு வருதுன்னு அர்த்தம். அப்ப ஓடிடணும். மேல நிக்கிற கரை கடைசியிலதான் உக்காரும்."

அவர் சொன்னதுக்குப் புத்தகத்துல 'பைப்பிங்'னு பேரு. மண் அணைகள்ல மதகுக் குழாயை ஒட்டித்தான் அது அதிகம் தொடங்கும், ஏன்னா கட்டுமானமும் மண்ணும் சேர்ற இடத்துல மண் சரியா இறுகாது. நாங்க மூணு பேர் சிவில். ஒருத்தருக்கும் தோணலை. அளவை ஏமாத்துற எல்லா வித்தையும் கத்துக்கிட்டோம், கரை எப்படி உடையும்னு கரை பார்த்தவர்கிட்ட கேட்கலை. எனக்குக் கொஞ்சம் வெட்கமாத்தான் இருந்தது. படத்தை ஊர்ல போட்டுக் காட்டினா, கரையில நின்னவங்க எல்லாரும் அந்த நாலு விநாடியில சிரிச்சிருப்பாங்க.

ராத்திரியோட ராத்திரியா கரையைப் பிரிச்சோம். செங்கல் துண்டுகளைத் தேய்ச்சு ஒரு குட்டி மதகு கட்டினோம். அதை ஒட்டி ஒரு பழைய ஸ்ட்ராவைப் புதைச்சு, சுத்தி வெறும் மணல் போட்டோம். ஷாட் தொடங்கும்போது நூலைப் பிடிச்சு ஸ்ட்ராவை உருவிட்டா, அந்த ஓட்டை வழியா தண்ணி மண்ணைத் தின்ன ஆரம்பிக்கும். மீதி வேலையை அதுவே பார்த்துக்கும்.

மூணு விநாடி

தார்ப்பாய் விரிச்ச ஏரி எட்டடிக்கு நாலடி, முக்கால் அடி ஆழம். ஒரு டேக்குக்கு கிட்டத்தட்ட 680 லிட்டர். மோட்டார் போட்டு நிரப்ப முக்கால் மணி நேரம், கரையைத் திரும்பக் கட்ட இரண்டு மணி நேரம். திரையில பத்து விநாடி ஓடுற காட்சி நிஜத்துல மூணு விநாடிக்குள்ள முடிஞ்சிடும். மூச்சு விடறதுக்குள்ள எல்லாம் கொட்டி, வாழை மரத்துக்குப் பாய்ஞ்சிடும். அந்த மூணு விநாடியில யாரும் பேசலை. நூல் பிடிச்சிருந்தவன் கை நடுங்கினது எனக்குத் தெரிஞ்சது.

முதல் டேக்கில் ஸ்ட்ரா வரலை, நூல் அறுந்துடுச்சு. இரண்டாவது டேக் அற்புதமா வந்தது. கசிவு, ஓட்டை, கலங்கல், மேல இருந்த கரை ஒரே கட்டியா உட்கார்ந்தது. ஆனா போட்டுப் பார்த்தா கரை மேல ஒரு தவளை. ஏழு சென்டிமீட்டர் தவளை, பன்னிரண்டால பெருக்கினா எண்பத்து நாலு. கன்னுக்குட்டி அளவு தவளை உட்கார்ந்து வெள்ளத்தை வேடிக்கை பார்க்குது. அது தாவுற வரைக்கும் வெட்டிட்டு, மீதி நாலு விநாடியை எடுத்துக்கிட்டோம். மூணாவது டேக்குக்கு மரம் வாடிடுச்சு.

இந்தக் கலை செத்துப்போச்சுன்னு நினைக்கிறவங்களுக்கு ஒண்ணு. 2014ல 'இன்டர்ஸ்டெல்லார்' விண்கலத்தை 1/15 அளவில் கட்டித்தான் எடுத்தாங்க. 2019ல 'தி மண்டலோரியன்' தொடருக்காக இரண்டடி விண்கலம் ஒண்ணைக் கையால கட்டி, அதைப் படம் பிடிக்க தண்டவாளக் கேமரா ஒண்ணையும் புதுசா செஞ்சாங்க. 2012 'ஸ்கைஃபால்'ல வெடிச்சது நிஜ ஆஸ்டன் மார்ட்டின் இல்லை; மூணில் ஒரு பங்கு அளவில் பதினெட்டு பாகங்களா 3டி பிரிண்டரில் அச்சடிச்சு ஒட்டின கார். நம்ம காலேஜ் லேபிலயும் ஒரு 3டி பிரிண்டர் கீ-செயின் அடிச்சுக்கிட்டுச் சும்மா கிடக்கு. மெக்கானிக்கல் நண்பர்கள் யாராவது வந்தா அடுத்த படத்துக்கு ஒரு டவுன் பஸ் தேவைப்படுது, 1/12தான்.

போட்டியில எங்களுக்குப் பரிசு வரலை. நடிப்பு சரியில்லைன்னு சொன்னாங்க, நியாயம்தான். கரை உடைஞ்சதைப் பத்தி யாரும் ஒண்ணும் கேட்கலை. எங்கே எடுத்தீங்கன்னு ஒரு சீனியர் மட்டும் கேட்டார்.

ஊருக்கு வந்து தாத்தாவுக்கு மொபைல்ல போட்டுக் காட்டினேன். மூணு தடவை ஓட்டச் சொன்னார். மூணாவது தடவை கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு மறுபடி பார்த்தார்.

"கரை சரிடா," என்றார். "மதகுக்கு இறங்குற படி எங்க?"